விட்டுவிட்டு நேரும் கோளாறு

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஹெப்பகோடிக்கு அருகே ஒரு நண்பகலில் நாங்கள் சென்ற ஜீப் நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மெல்ல முனகியதே தவிர எஞ்சின் ஓடத் தொடங்கவில்லை. அரைமணி நேரம் ஆறியதும் அதே வண்டி தடையின்றிப் புறப்பட்டது. பட்டறையில் குறை எதுவும் தென்படவில்லை. எனினும் முதலில் பாட்டரியை மாற்றினர். பின்னர் ஸ்டார்ட்டரை மாற்றினர். கோளாறோ நீங்கவில்லை.

மூன்றாம் முறை, எஞ்சினை நன்கு சூடேற்றிக் கோளாற்றை மீண்டும் வருவித்து அளந்தபோதே உண்மை வெளிப்பட்டது. எஞ்சினை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டையின் முனை துருவேறி, சூட்டில் நெகிழ்ந்திருந்தது. இத்தகைய இணைப்பின் தடை 0.02 ஓம் எனக் கொள்வோம். சாதாரண மல்டிமீட்டரின் கம்பிகளுக்கே இதனினும் மிகுந்த தடை உண்டாதலால், ஓம் அளவையில் இணைப்பு நல்லதென்றே தோன்றும். ஆனால் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 12 வோல்ட் வண்டிக்கு இது கால்பங்கு இழப்பாகும். ஆகவே ஸ்டார்ட்டர் சுழலும் வேளையில், பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே வோல்ட்டை அளத்தல் வேண்டும். அது அரை வோல்ட்டைத் தாண்டினால் அவ்வழியில் குறை உண்டு எனலாம்.

தானே நீங்கிய கோளாற்றை மறந்துவிடுவது அபாயகரமானது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் இக்னிஷன் சுவிட்சின் குறைக்காக ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்பப்பெற நேர்ந்தது. சாவி அசைந்தால் ஓட்டத்திலேயே எஞ்சின் அணைந்து, விபத்தில் காக்கும் காற்றுப்பையும் செயலற்றுப்போகும். 124 மரணங்கள் இக்குறையோடு தொடர்புடையவை என ஏற்கப்பட்டன. சுவிட்சின் அமைப்பு 2006-இல் திருத்தப்பட்டும் பாக எண் மாற்றப்படாமையால், காரணம் தேடியோர் நெடுநாள் திகைத்தனர்.

எனவே கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர் ஒவ்வொருவரும் வண்டியில் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நலம். கோளாறு நேர்ந்த நேரம், வெயில், மழை, சாலையின் குலுக்கல், அப்போது எரிந்த விளக்குகள், மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை அதில் எழுதுக. அளந்து அறியும்வரை எப்பாகத்தையும் மாற்றற்க.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு டார்ச் செல், சிறு பல்பு, துருப்பிடித்த ஆணி, வோல்ட்மீட்டர் ஆகியவை போதும். பல்பு எரியும்போது ஆணியின் இணைப்பில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்று மாணவரே அளக்கட்டும். பின்னர் துருவைச் சுரண்டிவிட்டு மீண்டும் அளக்கச் செய்க.