கும்மிக்கு அனுமதி கொடுத்தது யார்?

தொடக்கக் கல்வித் துறையின் உயர் அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் பெயர் போட்டு எழுதவில்லை. அந்த நாற்காலியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் நாற்காலிக்கே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். இதற்கு முன் மனுவாக எழுதியவையெல்லாம் கிணற்றில் போட்ட கல். குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. சில வாரம் கழித்து, மனு மீது நடவடிக்கை எடுத்து முடித்துவைத்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. என்ன நடவடிக்கை என்று கேட்டு இன்னொரு மனு போட்டேன். அதையும் முடித்துவைத்துவிட்டார்கள்.

நான் சோமனூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தகப்பன். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கும் இரண்டு ஆசிரியர்களுக்குத்தான் ஓலை வரும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். பெற்றோரில் பாதிப் பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்து காலையில் பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டு, படம், ஆட்டம், உடம்பைப் பேணும் பழக்கம் இதையெல்லாம் யார் சொல்லித் தருவது என்பதுதான் நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி.

விதி என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் இப்போது தெரிந்துவிட்டது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென 2012இல் 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தீர்கள், அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கு மட்டும்தான். ஒன்று முதல் ஐந்து வரை ஆளே கிடையாது. எடுத்தவர்களையாவது நன்றாக வைத்திருந்தீர்களா என்றால், 5,000 ரூபாயில் தொடங்கிய சம்பளம் 2023இல் அறிவித்த உயர்வோடுதான் 12,500 ஆனது. மே மாதம் அதுவும் இல்லாமல் இருந்தது. அவர்கள் கதை தனி, அவர்களே சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கலைத் திருவிழா 2022இல் தொடங்கியபோது ஆறாம் வகுப்புக்கு மேல்தான் நடத்தினீர்கள். 2024-25ஆம் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்புப் பொடுசுகளையும் சேர்த்துக்கொண்டீர்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. எந்தெந்தப் போட்டி, எந்த வகுப்புக்கு, எந்தத் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும் என்றெல்லாம் வரிசையாக இருந்தது. சொல்லித்தரப் போகிறவர் யார் என்று மட்டும் எங்கேயும் இல்லை.

தலைமையாசிரியர் என்ன செய்வார், பாவம்? ஒரு பக்கம் எண்ணும் எழுத்தும் திட்டப் பயிற்சி, இன்னொரு பக்கம் காலை உணவுக் கணக்கு, நடுவில் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு. செல்போனில் யூடியூபைப் போட்டு ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தார். இருபது பிள்ளைகள் அந்த உள்ளங்கை அகலத் திரையைப் பார்த்து ஆட முயன்றார்கள். நடுவில் விளம்பரம் வந்தால் அப்படியே நின்றார்கள். இரண்டாம் நாள் போனில் டேட்டா தீர்ந்தது.

அப்போதுதான் சத்துணவு ஆயம்மா வந்தார். பாத்திரம் கழுவி முடித்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “ஏனுங்க சார், இதுக்குப் போயி போனெல்லாம் எதுக்குங்க, நம்மூருக் கும்மி போதாதுங்களா?” என்றார். ஊர் மாரியம்மன் நோம்பியில் வருஷா வருஷம் வள்ளிக்கும்மி அடிக்கிறவர் அவர். வராண்டாவில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய வட்டம் போட்டு, வட்டத்தின் மேல் எட்டுப் பெண் பிள்ளைகளை நிறுத்தினார். முதல் நாள் கைத்தட்டு மட்டும். இடமா வலமா என்று தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டார். மறுநாள் கால். அதற்கப்புறம் கையும் காலும் சேர்த்து, குனிந்து நிமிர்ந்து திரும்பும் அடவு. பாட்டை வரி வரியாகச் சொல்லச் சொல்லிவிட்டு, தாளம் தப்பினால் ஆட்டத்தை நிறுத்தாமல் தன் கைத்தட்டலை உரக்கத் தட்டி இழுத்துப் பிடித்தார். எந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தார் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது எப்படி என்பதை நான் அந்த வராண்டாவில்தான் பார்த்தேன். வாயைத் திறந்து பேசாத பிள்ளை ஒன்று பாட்டெடுத்துக் கொடுக்கிற பிள்ளையானது.

பள்ளி அளவில் ஜெயித்து அடுத்த கட்டப் போட்டிக்கும் போய்ப் பரிசோடு வந்தார்கள். சான்றிதழ் வந்தது. பொறுப்பாசிரியர் பெயரை எழுத வேண்டிய இடத்தில் தலைமையாசிரியர் தன் பெயரைத் தயங்கித் தயங்கி எழுதினார். சமையல் உதவியாளர் பெயரை அங்கே எழுத முடியாதாம். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாதது பிறகு நடந்தது. போட்டி முடிந்தும் பிள்ளைகள் விடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கும்மி தொடர்ந்தது. ஆண் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒருநாள் ஆய்வுக்கு வந்த அதிகாரி வராண்டாவில் நின்று பார்த்துவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார்: “சமையல் ஆளை வகுப்பெடுக்க விட்டது யார்? யார் அனுமதி?” ஆயம்மா மன்னிப்புக் கேட்டார். தலைமையாசிரியரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். மறுநாள் வராண்டாவைக் கழுவி வட்டத்தை அழித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள்.

ஐயா, 2024இல் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் என்ற பெரியவருக்கு எண்பத்தேழு வயதில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எதற்கு? வள்ளி ஒயில் கும்மியைக் கட்டிக் காத்ததற்கு, பெண்களையும் சேர்த்து ஆட வைத்ததற்கு. அதே கும்மியைச் சொல்லிக் கொடுத்தால் தில்லியில் விருது, எங்கள் வராண்டாவில் விளக்கம். அந்தப் பெரியவரே நாளைக்கு எங்கள் பள்ளிக்கு வந்தாலும், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் கேட்பீர்களோ?

ஆயம்மாவை ஆசிரியராக்கு என்று நான் கேட்கவில்லை. சமைத்துக் கழுவி அலுத்தவர் தலையில் அதையும் கட்டுவது நியாயம் ஆகாது. இருக்க வேண்டிய ஆள் இல்லாததால்தானே அவர் வந்தார்? ஆளைப் போடாத நீங்கள், வந்த ஆளையும் விரட்டியது எந்த ஊர் நியாயம்?

விளையாட்டும் இந்த லட்சணம்தான். தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டுப் பொருள் உண்டு. எங்களுக்கும் வந்தது. வளையம், ஸ்கிப்பிங் கயிறு, பந்து, இரண்டு மட்டை எல்லாம் பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது. வெளியே எடுத்துப் பிள்ளை விழுந்து கையை ஒடித்துக்கொண்டால் பதில் சொல்வது யார் என்று ஆசிரியர் கேட்கிறார். ஒரே நேரத்தில் மூன்று வகுப்பைப் பார்த்துக்கொண்டு மைதானத்தையும் பார்க்க அவருக்கு என்ன நாலு கண்ணா? உடல்நலக் கல்வி என்றால் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள், அவ்வளவுதான். பதிவேட்டில் மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் எல்லாவற்றிலும் ‘ஏ’.

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாத மாவட்டம் இது. அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி பெரியநாயக்கன்பாளையத்தில் நடக்கிறது. மலுமிச்சம்பட்டியில் அரசே ஓர் இசைக் கல்லூரி நடத்துகிறது. அங்கே படித்து வெளியே வருகிறவர்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா? எங்கள் ஊருக்குள் காலையில் வந்து ஆரன் அடிக்கும் மஞ்சள் வேன்களின் பள்ளிகளுக்கு. அங்கே எல்.கே.ஜி.யிலேயே ஸ்கேட்டிங், கீபோர்டு, சிலம்பம், கட்டணம் தனி. ஆங்கிலத்துக்காக மட்டும் பிள்ளைகளை அங்கே மாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆண்டு விழாவில் தன் பிள்ளை மேடையேறுவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தறிக் கூலியில் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் சேர்க்கை குறைகிறது என்று ஊர் ஊராக விழிப்புணர்வுப் பேரணி நடத்துகிறீர்கள்.

நிதி இல்லை என்பீர்கள். 2024-25இல் ஒன்றிய அரசு 2,152 கோடியை நிறுத்தி வைத்தது, உண்மை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கள் பள்ளிக்குப் பாட்டு வாத்தியார் வந்தாரா? எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே பாட்டும் ஆட்டமும் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. எழுத்தைப் படிய வைக்கப் பாட்டு, எண்ணைப் படிய வைக்க ஆட்டம். பாட்டுக்காகப் பாட்டு எந்தப் பீரியடில் இருக்கிறது?

பத்துப் பள்ளிக்கு ஓர் ஆள் போட்டு வாரம் ஒரு நாள் அனுப்புவீர்களோ, இசைக் கல்லூரிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவீர்களோ, ஊர்க் கலைஞர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து முறைப்படி அழைப்பீர்களோ, வழி கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அதற்குத்தான் அந்த நாற்காலி. எங்களால் ஆனது, அந்தத் தலைமையாசிரியரின் விளக்கக் கடிதத்தில் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. நடவடிக்கை எடுப்பதானால் எங்கள் மேலும் எடுங்கள்.

அடுத்த கலைத் திருவிழாவுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்போது, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வரப்போகிறவர் பெயரையும் அதிலேயே எழுதி அனுப்புங்கள். எழுத முடியாவிட்டால், முதலில் ஆயம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்
சோமனூர் வட்டாரம்