விலைப் பலகை தமிழிலும் வேண்டும்!
தம்பானூரில் வந்திறங்கும் நம் தொழிலாளி தேநீருக்குக்கூட விலை கேட்டே குடிக்கிறான். மருத்துவமனையில் மட்டும் படுத்து எழுந்த பிறகே விலை தெரிகிறது. அதற்குள் வீட்டு நகை அடகுக்கடை ஏறிவிடுகிறது!

2017 ஆகஸ்டில் கொல்லம் அருகே விபத்தில் சிக்கிய நெல்லைத் தொழிலாளி, மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிக்கப்பட்டு மாண்டதை மறந்தோமா?

2018-இல் கேரளம் கொண்டுவந்த மருத்துவ நிலையங்கள் சட்டம், கட்டணத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கிறது. முன்பணம் இல்லையென்று அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாதென 2025 நவம்பரில் உயர்நீதிமன்றமும் கூறிற்று.

நல்லது. ஆனால் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவனுக்கு அந்தப் பலகை வெறும் சுவர்தானே? அதில் தமிழும் ஏறட்டும்! அதுவரை தோழர்களே, கட்டணத்தை வாய்விட்டுக் கேளுங்கள். இனவாரியாகப் பில் கேளுங்கள். இது பிச்சையல்ல, உரிமை!