பழைய விமானமும் புதிய பாடமும்

புதிய இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவனுக்குப் பழைய இயந்திரம் எம்மாத்திரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஒரு பழைய சிறு விமானமே நமக்கு உணர்த்தும்.

1931இல் முதன்முதலாகப் பறந்தது டைகர் மோத். இரண்டாம் உலகப் போரின்போது இந்திய விமானிகள் பலர் பயின்றது இதில்தான். இரட்டை அடுக்கு இறக்கைகள். ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த இருக்கைகள் இரண்டு. இயந்திரத்தைக் கிளப்ப ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும்.

இன்றைய விமானி இதில் ஏறினால் தரையிலேயே திணறுவார். நமது வாகைக்குளம் நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்கு மூக்கின் கீழும் சக்கரம் உண்டு. அவற்றின் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே இருப்பதால், ஓடும்போது சற்று விலகினாலும் நேராகவே முயலும். டைகர் மோத்தில் அந்த மையம் பின்னே இருக்கிறது. எனவே சிறு விலகலும் வளர்ந்துகொண்டே போகும்; உடனே திருத்தாவிட்டால் விமானம் வட்டமடித்துவிடும். தரையில் மூக்கு நிமிர்ந்து நிற்பதால் எதிரே இருப்பதும் தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டும். வானிலோ, பிடியை இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் வலப்பக்கம் விலகப் பார்க்கும். சுக்கானையும் காலால் அளவாக மிதித்தால்தான் திருப்பம் ஒழுங்காகும்.

இவற்றின் காரணங்களை நம் பௌதிக நூல்களே சொல்லிவிடும். ஆனால் எந்தக் கணத்தில் எவ்வளவு மிதிப்பது என்பதைக் கால்தான் கற்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, புஸ் மோத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அதன் பொன்விழாவான 1982இல், தம் 78ஆம் வயதில், லெப்பர்ட் மோத் என்னும் பழைய விமானத்தை அதே வழியில் தாமே ஓட்டினார். ஜெட் விமானங்களை இயக்கிய ஏர் இந்தியாவின் தலைவராக இருந்தவர் அவர்! பழையதை அவர் இழிவாக எண்ணவில்லை.

கண்காட்சியில் நிறுத்திய விமானம் உருவத்தை மட்டுமே காக்கும். ஓட்டும் திறன், தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்குக் கைமாறினால்தான் வாழும்.

சுக்கான் என்ற சொல்லை வானுக்குத் தந்தது கடல்தானே? நம் தூத்துக்குடித் தோணிகள் ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. இன்று தோணிகளில் இயந்திரம் வந்துவிட்டது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் காற்றைப் பார்த்துப் பாயைத் திருப்பிய தண்டல்மாரின் அறிவு என்னவாகும்? அது எந்த நூலிலும் முழுமையாக அடங்காது.

பாய் கட்டிய அனுபவமுள்ள முதியவர்கள் இருக்கும்போதே, விஞ்ஞான மாணவர்களாகிய நாம் அவர்களிடம் செல்ல வேண்டும் என்பதே என் கருத்து. குறிப்பேட்டை மட்டுமல்ல, கைகளையும் கொண்டு செல்வோம். பட்டம் பெறப்போகிறோம் என்ற பெருமையைக் கரையில் விட்டுவிட்டு, மாணவராகவே தோணியில் ஏறுவோம்!