பழி போடும் முன் அளந்து பாருங்கள்

ஒரு நிரல் மெதுவாக ஓடினால் நம் வாயில் முதலில் வருவது "கணினி பழசு" என்ற சொல்தான். பள்ளியின் கணினிக் கூடத்திலும் இதே பேச்சு, பெரிய அலுவலகங்களிலும் இதே பேச்சு. ஆனால், மாணவர்களே, எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து பார்த்துவிட்டா அப்படிச் சொல்கிறோம்?

அளக்காமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வு இருக்கிறது. 2020 ஏப்ரல் மாதம், கோவிட்-19 பரவிய நேரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வேலை இழந்தவர்கள் ஒரே சமயத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். கணினி அமைப்பு திணறியது. கோபோல் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். உடனே உலகம் முழுவதும் கோபோல் குற்றவாளியாகிவிட்டது. 1959இல் உருவாகத் தொடங்கிய மொழி அல்லவா? கிழவர் மீது பழி போடுவது எளிது.

பின்னர், கணினி வரலாற்றாய்வாளர் மார் ஹிக்ஸ் இதைப் பற்றி எழுதியபோது வேறொரு கதை வெளிவந்தது. திணறியது மக்கள் விண்ணப்பம் நிரப்பிய இணையத்தளப் பகுதி. அது கோபோலைவிட மிகவும் புதிய மொழியான ஜாவாவில் எழுதப்பட்டது. பின்னால் இருந்து விண்ணப்பங்களைச் செயலாக்கிய கோபோல் பகுதி காரணமே அல்ல என்று அவர் எழுதினார். இதை வெறும் கணினிச் செய்தியாக நினைக்காதீர்கள். பழுதைத் தவறான இடத்தில் தேடும் ஒவ்வொரு நாளும், வீட்டு வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பியிருக்கும் ஒருவர் காத்திருக்க வேண்டும்.

சரி, ஒரு நிரலை எப்படி அளப்பது? அதற்கென்றே புரொஃபைலர் என்ற கருவி இருக்கிறது. ஒரு நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சொல்வதே அதன் வேலை. பெரிய நிறுவனங்களின் மெயின்பிரேம் கணினிகளில் ஓடும் கோபோல் நிரல்களுக்கும் இத்தகைய கருவிகள் உள்ளன.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. உங்கள் தம்பி அறைக்குள் இரண்டு மணி நேரம் "படிக்கிறான்" என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறீர்கள். மொத்தம் 24 முறை. அதில் 16 முறை அவன் கையில் கைப்பேசி. அப்படியானால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் கைப்பேசியில் போயிருக்கிறது. நாள் முழுவதும் காவல் இருக்கத் தேவையில்லை. மாதிரி எடுக்கும் புரொஃபைலரும் இப்படித்தான் நிரல் ஓடும்போது சீரான இடைவெளியில் எட்டிப் பார்த்து, அந்தக் கணத்தில் எந்த வரி ஓடுகிறது என்று குறித்துக்கொள்கிறது.

இன்னொரு வகை, ஒவ்வொரு பகுதியும் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று ஒன்று விடாமல் எண்ணும். இது துல்லியமானது. ஆனால், எண்ணும் வேலையே நிரலைக் கொஞ்சம் மெதுவாக்கிவிடும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு வங்கியின் கோபோல் நிரல் இரவில் 1 மில்லியன் பரிமாற்றங்களைப் பார்த்து முடிக்க 60 நிமிடம் எடுக்கிறது. "வட்டி கணக்கிடும் பகுதிதான் சிக்கலானது, அதைத்தான் திருத்த வேண்டும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அளந்து பார்த்தால் வட்டிக் கணக்கு எடுப்பது 5 விழுக்காடு, அதாவது 3 நிமிடம். அறிக்கை எழுதுவது 6 நிமிடம். மற்ற வேலைகள் 9 நிமிடம். மீதி 42 நிமிடமும் ஓர் அட்டவணையில் குறியீட்டு எண்ணைத் தேடுவதில் போகிறது! வட்டிக் கணக்கை எவ்வளவு மெருகேற்றினாலும் 3 நிமிடத்துக்கு மேல் மிச்சமாகாது.

அந்த அட்டவணையில் 10,000 வரிகள் இருப்பதாகக் கொள்வோம். கோபோலின் 'சர்ச்' கட்டளை முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். சராசரியாக 5,000 ஒப்பீடுகள். ஒரு மில்லியன் பரிமாற்றங்களுக்கு 5 பில்லியன் ஒப்பீடுகள். அட்டவணை வரிசைப்படுத்தப்பட்டிருந்தால் 'சர்ச் ஆல்' கட்டளையைப் பயன்படுத்தலாம். அகராதியை நடுவில் திறந்து, முன்பாதியா பின்பாதியா என்று பார்ப்பதுபோல, அது ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிவிடும். ஒரு தேடலுக்கு அதிகம் போனால் 14 ஒப்பீடுகள்தான். 5 பில்லியன் 14 மில்லியனாகக் குறைகிறது. 42 நிமிடம் சில வினாடிகளாகச் சுருங்கிவிடும். மாற்ற வேண்டியது மொழியை அல்ல. ஓர் அட்டவணையையும் அதைத் தேடும் முறையையும்தான்.

இது கோபோலுக்கு மட்டும் உரிய விஷயமன்று. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1971இல் ஃபோர்ட்ரான் மொழி நிரல்களை ஆராய்ந்தார். பொதுவாக, ஒரு நிரலில் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். அந்தச் சிறு பகுதி எங்கே இருக்கிறது என்பதை ஊகத்தால் கண்டுபிடிப்பது கடினம். அளவுகோல்தான் காட்டிக்கொடுக்கும்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? வேகமான கணினி வாங்கினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இருமடங்கு வேகமான கணினி 60 நிமிடத்தை 30 ஆக்கும். மேலே சொன்ன திருத்தமோ செலவே இல்லாமல் 18 நிமிடத்துக்குக் கொண்டுவந்துவிடும். நிரல் கணக்குப் போடாமல், கோப்பிலிருந்து தரவு வருவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தால் வேகமான செயலி வாங்கியும் பெரிய பயன் இராது. வேலை செய்கிறதா, காத்திருக்கிறதா என்பதையும் அளந்துதான் அறிய முடியும்.

எல்லா நிரலையும் அளந்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே முறை ஓடி ஒரு வினாடியில் முடியும் நிரலை விட்டுவிடலாம். விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஆனால், ஒன்றைத் திருத்தப் போகிறீர்கள் என்றால், முதலில் அளவெடுங்கள். தையற்காரர்கூட அளவெடுத்த பிறகுதான் துணியில் கத்தரிக்கோலை வைக்கிறார்!

நம் பள்ளிகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள்; அளக்கவும் கற்றுக்கொடுத்தால்தான் பாடம் முழுமையாகும் என்பது என் கருத்து. ஆசிரியர்கள் செயல்திட்டத்துக்குப் புள்ளி வழங்கும்போது, திருத்துவதற்கு முன் எத்தனை வினாடி, திருத்திய பின் எத்தனை வினாடி என்ற இரண்டு எண்களையும் கேட்கலாம். இதற்குத் தனிச்செலவு எதுவும் இல்லை. பைத்தான் மொழியுடனேயே 'சி-புரொஃபைல்' என்ற கருவி வருகிறது. கோபோலை எட்டிப் பார்க்க ஆசையென்றால், 'க்னு கோபோல்' என்ற இலவச மொழிமாற்றி இருக்கிறது. அது கோபோல் நிரலை சி மொழிக்கு மாற்றி ஓடவைக்கும்.

இந்த வாரம் நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு நிரலை எடுங்கள். எந்தப் பகுதி அதிக நேரம் எடுக்கும் என்று உங்கள் ஊகத்தை முதலில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு அளந்து பாருங்கள். தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் மனிதர்களைப் பற்றிச் சொன்னது நிரலுக்கும் பொருந்தும்.