கேட்டு வந்தவருக்கு என்ன சொல்கிறோம்?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், தெருவில் யாராவது ஒருவர் மார்க் ஷீட்டோடு நம் வீட்டுக்கு வருவார். "என்ன படிக்க வைக்கலாம்? நீங்கதான் சொல்லணும்." நாமும் சட்டென்று, "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்த்துடுங்க, அதுலதான் வேலை இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். கொடுத்த காபி ஆறுவதற்குள் ஒரு பிள்ளையின் நான்கு வருஷம் முடிவாகிவிடுகிறது!

அவர் உண்மையில் எதைக் கேட்க வந்தார்? பல வீடுகளில் கவலை கோர்ஸைப் பற்றியதே இல்லை. ஃபீஸ் கட்ட முடியுமா, பெண்ணை ஹாஸ்டலில் விடலாமா, இருக்கிற நகையை அடகு வைக்கலாமா என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். "உங்களுக்கு எது கவலையா இருக்கு?" என்று நாம்தான் ஆரம்பித்து வைக்க வேண்டும்.

பிறகு பேச்சு உருப்படியாகும். பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலா படித்தது? அப்படியானால் இன்ஜினீயரிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லையா? முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கவுன்சலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. இந்த விவரம் தெரியாமல் வட்டிக்கு வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாமே நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? கட்-ஆஃப் கணக்கிலோ சாய்ஸ் ஃபில்லிங்கிலோ சந்தேகம் என்றால், கவுன்சலிங் உதவி மையத்துக்குக் கூடவே போய் வரலாமே. "எங்க அக்கா பையன் அங்கதான் படிச்சான்" என்பதை மட்டும் வைத்து ஒரு காலேஜைச் சிபாரிசு செய்யாதீர்கள். அவன் படித்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். பாடம் நடத்தியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா?

இத்தனை பேச்சு நடக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே? பெரும்பாலும் கதவோரம் நின்று போனை நோண்டிக்கொண்டிருக்கும். அதையும் உட்காரச் சொல்லி, என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். "பி.காம்." என்று மெல்லச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் தனி, கடைசித் தேதியும் தனி. இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காகக் காத்திருந்து அதை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்