வரலாற்றுப் பாடத்தைக் கட்சிகளின் கையிலிருந்து மீட்போம்!

தூத்துக்குடி நகரின் வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது திரேஸ்புரம். நாட்டுப்படகு மீனவர்களும் சங்குகுளிப்பவர்களும் வாழும் ஊர். இந்தக் கரையில் பிறந்த பிள்ளை பள்ளியில் கொற்கை முத்தைப் பற்றிப் படிக்கிறது. ரோமாபுரி வரை கப்பலேறிய பாண்டிய நாட்டு முத்து என்று மனப்பாடம் செய்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறது. ஆனால், மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கி அந்த முத்தை எடுத்தவர் யார், எடுத்தவருக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்விகள் வகுப்பறையில் எழுவதே அபூர்வம்.

பதில்கள் இல்லாமல் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளஸ்’ என்ற கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அரசின் ஏகபோகம். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்துப் பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார் குளியாளர். ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். கரையில் சிப்பிக் குவியலைப் பங்கு பிரிப்பார்கள். உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, அரசுக்கு இரண்டு பங்கு. அரசின் பங்கு அன்றன்றே ஏலத்துக்குப் போகும். 1961-இல் நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிச் சலாபம். அந்தக் குளியாளர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மன்னரின் பெருமையோடு தங்கள் பாட்டனின் உழைப்பையும் படிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

வரலாற்றுப் பாடத்தை முன்வைத்து நாடு முழுவதும் நடக்கும் சண்டையில் இந்தப் பிள்ளைகளை நினைப்பார் யாருமில்லை. எந்த மன்னரைச் சேர்ப்பது, எந்த மன்னரை நீக்குவது என்பதிலேயே சண்டை நின்றுவிடுகிறது.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் 12-ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து முகலாய அரசவைகள் பற்றிய பாடம் போனது. காந்தியடிகளின் இந்து - முஸ்லிம் ஒற்றுமை முயற்சி இந்துத் தீவிரவாதிகளை ஆத்திரப்படுத்தியது என்ற வரியும், அவரது கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ். சில காலம் தடைசெய்யப்பட்டது என்ற செய்தியும் அரசியல் அறிவியல் புத்தகத்திலிருந்து காணாமல் போயின. கொரோனா காலத்துக்குப் பின் மாணவர்களின் பாடச்சுமையைக் குறைப்பதற்காகவே இந்த நீக்கங்கள் என்றார்கள். தேசத்தந்தையைக் கொன்றவர்கள் எந்த எண்ணத்தோடு கொன்றார்கள் என்று சொல்லும் ஒரு வரி, 17 வயது மாணவருக்கு எப்படிச் சுமையாகும்? 2025-இல் வந்த புதிய 7-ஆம் வகுப்புப் புத்தகத்தில் டெல்லி சுல்தான்களும் முகலாயர்களும் இல்லை. அதே ஆண்டு வந்த 8-ஆம் வகுப்புப் புத்தகத்தில் அவர்கள் இடம்பெற்றார்கள். அங்கே அவர்களின் கொடுமைகளே மேலோங்கி நிற்கின்றன என்று விவாதம் எழுந்தது. கடந்த காலக் கொடுமைகளுக்கு இன்று வாழும் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்ற குறிப்பு அந்தப் புத்தகத்திலேயே இருக்கிறது. நல்ல குறிப்புதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்விலும் அந்த நேர்மை வேண்டும் என்கிறோம்.

இது ஒரு கட்சியோடு தொடங்கியதல்ல. ஜனதா ஆட்சியில், 1978-இல், ஆர்.எஸ்.சர்மா எழுதிய பண்டைய இந்திய வரலாற்றுப் பாடநூல் திரும்பப் பெறப்பட்டது. வாஜ்பாய் ஆட்சியில், 2001-இல், ரொமிலா தாப்பர் உள்ளிட்டோரின் புத்தகங்களிலிருந்து பகுதிகள் வெட்டப்பட்டன. 2012-இல், காங்கிரஸ் ஆட்சியில், பாடநூலில் அம்பேத்கர் இடம்பெற்ற கேலிச்சித்திரம் நாடாளுமன்றத்தில் அமளியைக் கிளப்பியது. சித்திரத்தை நீக்க அரசு உடனே சம்மதித்தது. அதை எதிர்த்து, பாடநூல் ஆலோசகர்களாக இருந்த யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். அதே இருவர்தான் 2023-இல், வெட்டிச் சிதைத்த புத்தகங்களில் எங்கள் பெயர் வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். ஆண்ட கட்சிகள் வேறு வேறு, கத்தரிக்கோல் ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் நியாயமான கோபம் உண்டு. வ.உ.சி.யின் ஊர் தூத்துக்குடி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையரின் கடல் வணிகத்துக்குச் சவால் விட்டவர் அவர். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்று, அவர்கள் கோரிக்கைகளை வெல்லச் செய்தார். அடுத்த சில நாள்களில் கைதாகி, இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். அவரும் பாரதியாரும் வேலுநாச்சியாரும் இடம்பெற்ற தமிழ்நாட்டு அலங்கார ஊர்தி, 2022 குடியரசு நாளில் டெல்லி அணிவகுப்புக்குத் தேர்வாகவில்லை. சென்னையில் ஓடிய அந்த ஊர்தியைப் பார்க்கத் திரண்ட மக்களின் உணர்வு மதிக்கத்தக்கது.

அந்தக் கோபத்துக்கு வலிமை வேண்டுமானால், நம் வீட்டுக் கணக்கையும் நாம் பார்த்தாக வேண்டும். 2011-இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வியையே நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பத்து நாள்களுக்குள் புத்தகங்களை வழங்கச் சொன்னது. கலைஞர் தொடர்பான பக்கங்கள் மறைக்கப்பட்ட நிலையில் அவை பிள்ளைகளின் கைக்கு வந்தன. ஒட்டிய தாளைச் சுரண்டிப் பார்ப்பதுதான் அன்றைய மாணவர்களுக்குக் கிடைத்த முதல் அரசியல் பாடம். 2012-இல், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருந்த ஆர்.கே.லக்ஷ்மணின் கேலிச்சித்திரத்தை நீக்கச் சொன்னதும் தமிழகக் கட்சிகள்தாம். மாணவர்களின் மொழிப் போராட்டத்தை அது கொச்சைப்படுத்துகிறது என்ற வருத்தம் உண்மையானது. ஆனால், அந்தச் சித்திரத்தை வகுப்பில் வைத்தே அதன் தவறைப் பிள்ளைகளை உணரச் செய்திருக்கலாமே!

தோள்சீலைப் போராட்டத்துக்கு நேர்ந்தது அதைவிடப் பெரிய இழப்பு. திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல் அரசாணை பெற்றார்கள். 9-ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் இருந்த அந்தப் பாடத்தில், நாடார்கள் பிழைக்க வந்து குடியேறியவர்கள் என்ற பொருளில் அமைந்த வரிகளுக்கு எதிர்ப்பு எழுந்தது. நீக்கச் சொல்லித் தமிழகக் கட்சிகளும் குரல் கொடுத்தன. பிழையான வரியைத் திருத்தியிருந்தால் போதும். நடந்தது வேறு. 2017 முதல் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி கேட்கப்படாது என்று சி.பி.எஸ்.இ. அறிவித்தது. 2019-இல் உடையின் வரலாறு பேசிய அந்த அத்தியாயம் முழுவதையுமே என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்டது. அடி வாங்கி, வீடு இழந்து, மானத்தை மீட்ட பெண்களின் கதை அதோடு போனது. ஒரு வரி புண்படுத்துகிறது என்று தொடங்கும் கோரிக்கை எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

புண்படுத்தக்கூடிய வரலாற்றை என்னதான் செய்வது? அதற்கும் முத்துக்குளித்துறையிலேயே பாடம் இருக்கிறது. 1530-களில், முத்துக்குளிப்பின் கட்டுப்பாடு யாருக்கு என்பதில் பரதவர்களுக்கும் மரைக்காயர் எனப்படும் இஸ்லாமிய வணிகர்களுக்கும் மோதல் முற்றியது. பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி, ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். 1538-இல் வேதாளைக் கரையில் மரைக்காயர் படையைப் போர்ச்சுகீசியர் வென்றார்கள். பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தது 1542-இல். இதே நிகழ்வைத் திருச்சபை ஒரு விதமாகவும், பரதவர் நினைவு ஒரு விதமாகவும், மரைக்காயர் வழிவந்தோர் வேறு விதமாகவும் சொல்லக்கூடும். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் தூத்துக்குடியில் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். இதை மதச்சண்டை என்று சுருக்கினால் அந்த வகுப்பு பிளக்கும். சொல்லாமல் மறைத்தால், அரைகுறைச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேரும். முத்துப்பார்கள் யார் கட்டுப்பாட்டில் இருந்தன, வரியை யார் வசூலித்தார்கள், கடலில் இறங்கியவருக்கு என்ன மிஞ்சியது, போர்ச்சுகீசியர் இதில் என்ன லாபம் கண்டார்கள் என்று சான்றுகளை மேசையில் பரப்பி ஆசிரியர் பேசவைத்தால், மூன்று பிள்ளைகளும் சேர்ந்தே யோசிப்பார்கள். வரலாற்று வகுப்பு இருப்பது இதற்காகத்தான்.

நாளைய பாடமும் இந்தக் கரையில் காத்திருக்கிறது. 2018 மே 22, 23 நாள்களில் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூடு 13 உயிர்களைப் பறித்தது. திரேஸ்புரத்தில் சுடப்பட்ட பெண்ணும் அதில் ஒருவர். இதை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. அடுத்த தலைமுறைக்கு இதை எந்தச் சொற்களில் சொல்லப் போகிறோம்? அன்று ஆட்சியில் இருப்பவருக்கு வசதியான சொற்களிலா, ஆணைய அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் மக்களின் வாக்குமூலமும் சொல்லும் சொற்களிலா?

உலகில் வழி இல்லாமல் இல்லை. ஜப்பானில் இயெனாகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர், தன் பாடநூலில் அரசு கைவைத்ததை எதிர்த்து 1965-இல் வழக்குத் தொடுத்தார். 32 ஆண்டுகள் நடந்த சட்டப் போராட்டத்தின் முடிவில், ஜப்பானிய ராணுவம் சீனாவில் மனிதர்கள் மீது நடத்திய கொடிய பரிசோதனைகளைப் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு உலகப் போர்களில் எதிரெதிராக நின்ற பிரான்சும் ஜெர்மனியும் 2006-இல் தங்கள் மாணவர்களுக்குப் பொதுவான வரலாற்றுப் பாடநூலை வெளியிட்டன. போரிட்ட நாடுகளால் முடிந்தது, ஒரே நாட்டின் கட்சிகளால் முடியாதா?

மத்திய அரசுக்கும் தமிழக அரசுக்கும் ஒரே கோரிக்கையை வைக்கிறோம். பாடநூல் குழுக்களை அமைச்சர்களின் பிடியிலிருந்து விடுவியுங்கள். ஆட்சியோடு மாறாத பதவிக்காலத்தை அந்த அறிஞர்களுக்குச் சட்டப்படி கொடுங்கள். ஒரு வரியை நீக்கினாலும் சேர்த்தாலும், யார் பரிந்துரைத்தார்கள், என்ன காரணம் என்பதைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை மூன்றும் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. மாணவர்களை அங்கே அழைத்துப் போக ஆசிரியர்களுக்கு நேரமும் நிதியும் ஒதுக்குங்கள். வட்டார வரலாற்றுக்குப் பாடத்திட்டத்தில் இடம் கொடுங்கள். அதில் குளியாளருக்கும் மில் தொழிலாளிக்கும் பெயர் இருக்கட்டும்.

பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. புத்தகத்தில் நம் சாதிக்கும் கட்சிக்கும் பிடிக்காத வரி இருந்தால், நீக்கச் சொல்லி ஊர்வலம் போவதற்கு முன், அது உண்மையா என்று கேட்போம். உண்மையானால், அதைப் படிக்கும் துணிவை நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்!