குப்புறப் போட்டா நல்லா தூங்குமாம்!

"கைக்குழந்தையை குப்புறப் போடுங்க, அசையாம தூங்கும்"னு ஒரு ரீல். ஒரு வாரத்தில் பத்து பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. அந்த "அசையாம"தான் பிரச்சினையே. வீட்டில் ஒரு வயசுக்குள்ள குழந்தை இருந்தா இந்த த்ரெட்டை முழுசா படிங்க.

செரோடோனின்னா "ஹேப்பி ஹார்மோன்"னுதானே கேள்விப்பட்டிருப்பீங்க? மூளையோட அடிப்பகுதியான முகுளத்தில் அதுக்கு வேற உத்தியோகம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறினா, அங்க இருக்கிற செரோடோனின் நரம்பு செல்கள் அதைக் கண்டுபிடிச்சு மூச்சை வேகப்படுத்தும். அதுக்கும் மேல ஏறினா தூக்கத்தையே கலைக்க உதவும்.

குப்புறப் படுத்த குழந்தையோட முகம் மெத்தையில் புதைஞ்சா, விட்ட மூச்சையே திரும்ப இழுக்குது. பெரும்பாலான குழந்தைகள் சிணுங்கி, தலையைத் திருப்பித் தப்பிச்சிடும். சில குழந்தைகளுக்கு அந்த அலாரம் அடிக்கிறதே இல்ல. நீங்க "என்ன சமத்தா தூங்குது"ன்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க.

கற்பனை இல்லைங்க. பாஸ்டனில் ஹன்னா கின்னி குழு, திடீர் சிசு மரணத்தில் இறந்த குழந்தைகளோட மூளைத்தண்டை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சாங்க. 5-எச்டி1ஏ என்கிற செரோடோனின் ஏற்பியோட பிணைப்பு குறைவா இருக்குன்னு 2006-ல் சொன்னாங்க. 2010-ல், முகுளத்தில் செரோடோனின் அளவே 26% குறைவுன்னு வந்தது. (சின்ன ஆய்வுதான். ஒப்பிடக் கிடைச்சது 5 குழந்தைகள். இந்த மரணங்கள் எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னும் யாரும் சொல்லல.)

உங்க குழந்தைக்கு இந்தக் குறை இருக்கான்னு முன்கூட்டியே சொல்ல ஒரு ரத்த டெஸ்ட் கிடையாது, ஸ்கேன் கிடையாது. அதனாலதான் எல்லாக் குழந்தையையும் மல்லாக்கப் போடச் சொல்றோம்.

"மல்லாக்கப் போட்டா பால் புரையேறும் டாக்டர்." தினமும் கேக்குற கேள்வி. மல்லாக்கப் படுத்தா மூச்சுக்குழல் மேல, உணவுக்குழல் கீழ. எதுக்களிச்ச பால் மேல ஏறி மூச்சுக்குழலுக்குப் போறது கஷ்டம். குப்புறப் போட்டாதான் தலைகீழ்.

இதில் டாக்டர்கள் பாவமும் உண்டு, ஒத்துக்கறேன். 1950-களில் குப்புறப் போடச் சொன்னதே அமெரிக்காவின் பிரபல டாக்டர் ஸ்பாக்தான். அதே நாட்டில் 1992-ல் மாத்திச் சொன்னாங்க, 1994-ல் பெரிய பிரச்சாரமா நடத்தினாங்க. சில வருஷத்தில் இந்த மரணங்கள் பாதியாச்சு. மருந்து இல்ல, மெஷின் இல்ல. படுக்க வைக்கிற விதத்தை மாத்தினாங்க, அவ்ளோதான்.

முழிச்சிருக்கும்போது, நீங்க பக்கத்தில் இருந்து பார்த்துக்கிட்டு, குப்புறப் போட்டு விளையாட விடுங்க. நல்லது. தூங்க மட்டும் வேண்டாம். தலையணையும் பஞ்சு மெத்தையும் வேண்டாம். கர்ப்பத்தில் நிகோட்டின் இதே செரோடோனின் அமைப்பைத்தான் கெடுக்குது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

காலைல எழுப்பினா அசையலன்னு குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வந்த அம்மாவை, கேஷுவாலிட்டி வாசல்லயே "ராசியில்லாதவ"ன்னு மாமியார் திட்டினது இன்னும் என் காதுல இருக்கு. அந்தப் பொண்ணுக்கு யாரும் இதையெல்லாம் சொல்லியிருக்கல.

ரீல் போட்டவங்களுக்கு கமெண்ட்ல இவ்வளவும் மரியாதையாத்தான் எழுதினேன். பிளாக் பண்ணிட்டாங்க. அதான் இங்க எழுதறேன்.